மலக்குழிக்குள் கேமரா இல்லை: சாட்சியத்தையும் நடிப்பையும் எப்படிக் கலப்பது?

மலக்குழி மரணத்தைப் பற்றிக் கையிலிருக்கும் காசில் படம் எடுக்கப் புறப்படுகிறவருக்கு முக்கால்வாசி விஷயம் கிடைத்துவிடும். இறந்தவரின் மனைவி பேசுவார். கூட வேலை பார்த்தவர் பேசுவார். முதல் தகவல் அறிக்கையின் நகல் கைக்கு வரும். தொழிற்சங்கத்துக்காரர் சட்டத்தை விளக்குவார். ஆனால் படத்தின் நடுவில் இருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்கள், மூடியைத் திறந்து ஒருவர் இறங்கியதும் சரிந்ததும், யாருடைய கேமராவிலும் இல்லை. அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் ஆவணப்படமா, கதைப்படமா, இரண்டும் கலந்ததா என்ற முடிவு இருக்கிறது.

வழிகள் நான்கு. உண்மைக் குரல் ஓட, நடிகர்கள் வசனமில்லாமல் நடிப்பது ஒன்று. சம்பந்தப்பட்டவர்களே தங்களை நடிப்பது இரண்டாவது. நடிகர்களும் நிஜ மனிதர்களும் ஒரே சட்டகத்துக்குள் வருவது மூன்றாவது. முழுக்கதையாக எழுதி ஆவணப்படம் போலப் படமாக்குவது நான்காவது. இவற்றுக்கு முன்னால், கலக்காமலே விட்டுவிடும் வழியும் இருக்கிறது. 2017இல் வந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ அப்படிப்பட்ட நேரடி ஆவணப்படம். பல இடங்களில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டும் யூடியூப் வழியாகப் பரவியது. ஒரு மரணத்தைச் சொல்லாமல் பல ஊர்களில், பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டுவது நோக்கமானால் நடிப்பு தேவைப்படாது. நபருக்கு நபர் ஒரே மாதிரி வரும் வாக்குமூலமே போதும். ஒரே ஒரு மரணம், அதில் ‘யார் இறங்கச் சொன்னது’ என்ற தகராறு என்றால்தான் கலப்பு கைகொடுக்கும்.

கலப்பது ஏமாற்று என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆவணப்படத்தின் முன்னோடி என்று சொல்லப்படும் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922இல் எடுத்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்திலேயே, வெளிச்சம் போதவில்லை என்று பாதி வெட்டிவிட்ட பனிவீட்டுக்குள்தான் குடும்பம் தூங்கி எழுந்தது. அதைப் பார்வையாளரிடம் சொல்லாமல் விட்டதுதான் பின்னாளில் வசவு வாங்கித் தந்தது.

குரல் உண்மை, உடல் நடிப்பு

முதல் படம், சிறிய குழு, வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் என்றால் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கலாம். செலவு குறைவு. உண்மை எது, நடிப்பு எது என்ற கோடு தானாகவே தெரிந்துவிடும். முரண்படும் வாக்குமூலங்களையும் இதில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு எர்ரோல் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’ (1988) நல்ல உதாரணம். அமெரிக்காவின் டல்லாஸில் 1976இல் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு அது. அந்த இரவைச் சாட்சிக்குச் சாட்சி வெவ்வேறு விதமாக நடித்துக் காட்டினார் மோரிஸ். உண்மையில் நடந்தது இதுதான் என்று எந்தக் காட்சியையும் அவர் நிறுத்தவில்லை. பார்க்கப் பார்க்கச் சாட்சிகளின் பொய் வெளுத்தது. தண்டிக்கப்பட்டிருந்த ராண்டல் ஆடம்ஸ் 1989இல் விடுதலையானார். மலக்குழி வழக்குகளிலும் இதே வடிவம்தான் திரும்ப வருகிறது: “நாங்க வேணாம்னுதான் சொன்னோம், அவரா இறங்கிட்டாரு” என்பார் ஒப்பந்ததாரர், “சூப்பர்வைசர் நிக்கிறப்பதான் இறங்கினான்” என்பார் உடன் வேலை பார்த்தவர். இரண்டையும் ஒரே கோணத்தில், ஒரே நீளத்தில், அதே நடிகரை வைத்து எடுத்து அடுத்தடுத்து வைத்தால் போதும். இயக்குநர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவதூறு வழக்குக்கும் இடம் குறையும்.

வேலையின் வரிசைதான் இதில் முக்கியம். முதலில் குரல், கடைசியில் நடிப்பு. கேமரா வைத்து எடுத்த பேட்டியோடு நிறுத்தாமல், இன்னொரு நாள் கேமரா இல்லாமல் குரலை மட்டும் பதியுங்கள். முகத்தைப் பற்றிய கவலை போனதும் பேச்சு வேறு மாதிரி வரும். ரெக்கார்டரில் பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்; காலர் மைக் ஒன்று, அருகில் ரெக்கார்டர் ஒன்று. மின்விசிறியும் ஃபிரிட்ஜும் நிற்க வேண்டும், அதனால் வெயில் ஏறும் முன் காலை 6 மணிக்கு உட்காருவது நல்லது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத அறைச் சத்தம் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். இது இல்லாவிட்டால் குரலை வெட்டி ஒட்டும் இடமெல்லாம் காதில் இடறும்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் அழுகை வரும், காட்சி வராது. எந்தக் கையால் கயிற்றைப் பிடித்தார், கயிறு என்ன நிறம், மூடியை எதை வைத்து நெம்பினார்கள், கடைசியாக என்ன சொன்னார், எத்தனை பேர் நின்றார்கள் என்று கேளுங்கள். நடிப்புக் காட்சியை எழுதப்போவது இந்தப் பதில்கள்தான். பிறகு எல்லாவற்றையும் எழுத்தில் இறக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், குறுக்குவழி கிடையாது. அதிலிருந்து படமே இல்லாமல் 15 முதல் 20 நிமிடம் ஓடும் ஒலி வெட்டு ஒன்று செய்யுங்கள். குரல் எங்கே தொய்கிறதோ, எங்கே கேட்பவருக்கு இடம் புரியவில்லையோ, அங்கே மட்டும் நடிப்பு. 40 நிமிடப் படத்தில் நடிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் சாட்சியம் பின்னுக்குப் போய்விடும்.

வரிசை தலைகீழானால் என்ன ஆகும்? நடிப்பை முதலில் எடுத்துவிட்டவர், எடுத்த காட்சிக்கு ஏற்ற வாக்குமூலத்தைத் தேட ஆரம்பிப்பார். கேள்வியே வளைந்துவிடும்.

குழியைக் கட்டுவது

நிஜ மூடியைத் திறந்து நிஜத் தொழிலாளியை ‘ஒரே ஒரு ஷாட்டுக்கு’ இறக்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. படப்பிடிப்புக்கு அதில் விலக்கு இல்லை. குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவிலேயே உடனடி உயிராபத்து என்று வகைப்படுத்தப்பட்ட வாயு. அந்த அளவில் மூக்கும் மரத்துவிடும். அழுகிய முட்டை வாடை தெரியாமல் போகும்.

இந்த அறிவியல் நடிப்புக்கும் தேவை. சினிமாவில் விஷவாயு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை நிமிடம் இருமித் துடிப்பார்கள். அடர்த்தி மிகும்போது நிஜத்தில் நடப்பது வேறு: ஓரிரு மூச்சில் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் சரிந்துவிடுவார். மேலே நிற்பவர் ‘வழுக்கி விழுந்துட்டான்’ என்று நினைத்துக் காப்பாற்ற இறங்குவார், அவரும் போவார். துடிப்பை நடிக்க வைத்தால், இரண்டாமவர் ஏன் இறங்கினார் என்பதே பார்ப்பவருக்கு விளங்காமல் போகும்.

செட் பெரிய வேலை இல்லை. உறைக்கிணற்றுக்குப் போடும் 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகள், ஒரு அடி உயரத்தில், மூன்று வாங்கித் தரையின் மேல் அடுக்குங்கள். நிலத்தைத் தோண்ட வேண்டாம். ஒரு பக்கம் கேமரா நுழைய வேண்டும் என்பதால் அவற்றுக்கு மேல் இன்னும் இரண்டு உறை உயரத்துக்கு வளைத்த பிளைவுட்டைப் பொருத்தி, சிமெண்ட் பூசி, கழற்றி மாட்டும்படி வையுங்கள். மேலே மரமேடை, நடுவில் பழைய இரும்பு மூடி. உள்ளே ஒன்றரை அடி நிரப்பச் சுமார் 300 லிட்டர் வேண்டும்: தண்ணீர், சலித்த களிமண், கெட்டிப்பதத்துக்குச் சோளமாவு, நிறத்துக்குக் காபித்தூள். ஒரே நாளில் புளித்து நாறும், மறுநாள் புதிதாகக் கரைக்க வேண்டியதுதான். வெளிச்சம் திறப்பு வழியாக மேலிருந்து ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு, அதுவும் கம்பியால் கட்டப்பட்டு, மின் இணைப்பு மேடைக்கு வெளியே. நடிகரை 15 நிமிடத்துக்கு மேல் உள்ளே வைக்காதீர்கள்.

ஆவி எழுவது போலக் காட்ட டிரை ஐஸ் போடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். போடக் கூடாது. அது கரியமில வாயு, காற்றைவிடக் கனம், குழியின் அடியில் தேங்கும். மலக்குழி மரணத்தைப் பற்றிய படத்தில் அதே மாதிரி ஒரு மரணத்தை உண்டாக்கிவிடலாம்.

பேட்டிகளை விநாடிக்கு 25 பிரேமில் எடுத்திருந்தால் நடிப்பையும் 25இலேயே, ஷட்டர் 1/50 விநாடியில் எடுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட்டும் துடிக்காது, இரண்டு பகுதிகளும் நகர்வில் ஒட்டும். நடிப்பைக் காட்டிக்கொடுக்கக் கறுப்பு வெள்ளை ஆக்குவது வழக்கம். அது எத்தனையோ தொலைக்காட்சிக் குற்ற நிகழ்ச்சிகளில் அடிபட்டுப் போன உத்தி. நடிகரின் முகத்தைக் காட்டாமல் கை, கயிறு, கால், மூடி என்று எடுத்தாலே வேறுபாடு புரியும்; இறந்தவரின் முகத்தைக் குடும்பத்தின் நினைவிலிருந்து பறித்துக்கொண்ட பழியும் வராது. இதற்கு 10, 12 பேர் கொண்ட குழுவும் இரண்டு நாளும் போதும்.

தன்னைத் தானே நடிப்பது

வலிமையில் இதற்கு ஈடில்லை, சிக்கலிலும். ஈரானில் அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘குளோஸ்-அப்’ (1990), ஓர் இயக்குநரின் பெயரைச் சொல்லி ஒரு குடும்பத்தை ஏமாற்றிய மனிதரையும் அந்தக் குடும்பத்தையுமே அவரவர் வேடத்தில் நடிக்க வைத்தது. நிஜ நீதிமன்ற விசாரணையும் படத்தில் உண்டு. தமிழில் லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ தனுஷ்கோடி மீனவ மக்களையே நடிக்க வைத்து, ஆவணத்தையும் கதையையும் சேர்த்தது. தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் 2011இல் சான்றிதழ் கிடைத்தது.

மலக்குழி மரணத்தில் இந்த வழி எங்கே முட்டும் என்று பார்ப்போம். கணவர் உயிரோடு இருந்த நாளின் காலையை மனைவியே நடிக்க வேண்டுமானால், அவர் மறுபடி பூ வைத்து, பொட்டு வைத்து, தாலியைப் போட்டுக்கொண்டு கேமரா முன் நிற்க வேண்டும். அவர் மறுக்காமல் இருக்கலாம். உதவி செய்ய வந்தவர்களிடம் மறுத்துப் பேசத் தயங்கியும் இருக்கலாம். சில தெருக்களில் அது வருடக்கணக்கில் பேச்சாகும். ஆகவே சாவுக்கு முந்திய நாளையும் சாவையும் இந்த வழியில் எடுக்கக் கூடாது என்பது நம் கருத்து. பிந்தியதை எடுக்கலாம்: ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கக் காத்திருந்தது, பிரேதப் பரிசோதனைக் கூடத்தின் வாசல், கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய வெற்றுத்தாள். அவை அவர் சினத்தோடு நினைவுகூரும் காட்சிகள். நடிக்கும்போது அவர் கை ஓங்கி நிற்கும்.

வசனம் எழுதிக் கொடுத்தால் ஒப்பிப்பார்கள். காட்சியின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொல்லிவிட்டு, கையில் ஒரு வேலை கொடுங்கள். ஒரே காட்சியை மூன்று டேக்குக்கு மேல் எடுக்காதீர்கள். நான்காவதில் அவர்கள் சினிமா நடிகரைப் போலப் பேச ஆரம்பிப்பார்கள். நாளொன்றுக்கு நாலு மணி நேரம் போதும்.

பணம் பற்றித் தெளிவு வேண்டும். சாட்சியத்துக்குக் காசு கொடுத்தால் நாளை எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார். நடித்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் விட்டால் அது சுரண்டல். இரண்டையும் வெவ்வேறு தேதியில், வெவ்வேறு தாளில், நடிப்புக்கு மட்டும் கூலி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நடக்கும்போது இந்த வழியே வேண்டாம். மலக்குழி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமாக நிர்ணயித்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகைக்காகக் குடும்பம் அலைந்துகொண்டிருக்கும்போது, மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதற்கும் உங்கள் படத்தில் நடித்ததற்கும் ஒரு வரி முரண்பட்டாலும் குறுக்கு விசாரணைக்குத் தீனி ஆகிவிடும்.

நடிகரும் குடும்பமும் ஒரே அறையில்

துனீசிய இயக்குநர் கவுதர் பென் ஹனியாவின் ‘ஃபோர் டாட்டர்ஸ்’ (2023) இதைச் செய்தது. ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பில் சேர்ந்துவிட்ட இரண்டு மூத்த மகள்களின் இடத்தில் நடிகைகள். தாயும் மற்ற இரண்டு மகள்களும் நிஜம். தாயால் தாங்க முடியாத காட்சிகளில் அவருக்குப் பதில் இன்னொரு நடிகை. நிஜத் தாய் நடிகையைத் திருத்துவதும் அவரோடு வாதிடுவதுமே படம்.

இதற்குத் தேர்ந்த நடிகர்கள் வேண்டும். வசதிப்பட்ட முகத்துக்குக் கறுப்பு பூசித் தூய்மைப் பணியாளர் ஆக்கும் பழக்கம் தமிழ் சினிமாவில் இன்னும் போகவில்லை. நிஜக் குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது அவமானமாகவே முடியும். அதே வட்டார வழக்கு நாக்கில் வரும் நாடகக் கலைஞர்களைத் தேடுங்கள், ஒப்பனை வேண்டாம். ஒத்திகையையும் பதிவு செய்யுங்கள், பல நேரம் படம் அங்கேதான் கிடைக்கும். குடும்பம் ‘போதும்’ என்று சொன்னால் நிறுத்த, இயக்குநர் அல்லாத ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து வையுங்கள்.

இதன் இன்னொரு வகை, உண்மைப் பதிவுக்கு நடிகர் வாயசைப்பது. பிரிட்டனின் கிளியோ பார்னார்டு ‘தி ஆர்பர்’ (2010) படத்தில் செய்தார். குரலை 20, 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, மூச்சு இழுப்பதையும் திக்குவதையும் சேர்த்து நடிகர் மனப்பாடம் செய்ய வேண்டும். படப்பிடிப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் முன் மூன்று பீப் ஒலி. உழைப்பு அதிகம். முகத்தை மறைக்க இது நல்ல வழி என்று சிலர் நினைக்கிறார்கள். முகம் மறையும், குரல் மறையாது. ஒப்பந்ததாரருக்கு அந்தக் குரல் தெரியும். சுருதியை மாற்றிவிட்டால் போதும் என்று நம்பவும் வேண்டாம், அதைத் திரும்ப மாற்றிவிடலாம். ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் எழுத்தில் இறக்கியதை வேறொருவர் பேசிப் பதிய வேண்டும்.

முழுக்கதை

கென் லோச்சின் ‘கேத்தி கம் ஹோம்’ பிபிசியில் 1966 நவம்பரில் ஒளிபரப்பாகி, சுமார் 1.2 கோடிப் பேர் பார்த்து, பிரிட்டனில் வீடற்றவர்கள் பிரச்சினையைப் பொதுப்பேச்சாக்கியது. அது கதைதான். ஆனால் உண்மை மனிதர்களின் குரல்கள் காட்சிகளின் மேல் ஓடும். மலக்குழி மரணத்தைத் தொட்டு, தொழில்முறை அல்லாத நடிகர்கள் பலரை வைத்து, சைதன்ய தம்ஹானே மராத்தியில் எடுத்த ‘கோர்ட்’ (2014) முழுக்கவே கதை. திறமையும் பணமும் இருந்தால் இது அதிகத் தூரம் போகும். ஆனால் ‘இதெல்லாம் சினிமாவுக்காகச் சொல்றது’ என்று ஒப்பந்ததாரர் தட்டிவிட்டுப் போகவும் இதில்தான் வசதி அதிகம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் போல, அடையாளத்தை வெளியிடுவதே குற்றமான விஷயங்களில் இந்த வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

தாள், சான்றிதழ், அறிவிப்பு அட்டை

சம்மதத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, வாசிப்பதையும் படமெடுங்கள். பேசுவதற்குத் தனி, கதையை நடித்துக் காட்டுவதற்குத் தனி. எடிட் முடிந்து இறுதியாகப் பூட்டப்படும் வரை பின்வாங்கலாம் என்ற வரி கட்டாயம். மோரிஸின் படத்தால் வெளியே வந்த ஆடம்ஸே பிறகு தன் கதையின் உரிமைக்காக மோரிஸ் மேல் வழக்குப் போட்டார் என்பதை நினைவில் வையுங்கள். குடும்பம் ஒத்துழைக்காத பட்சத்தில் நீதிமன்ற ஆவணங்களோடு நின்றுகொள்ளுங்கள். ஆட்டோ சங்கர் தன்வரலாறு தொடர்பான ஆர்.ராஜகோபால் வழக்கில் (1994), பொது ஆவணங்களில் உள்ளதைச் சம்மதமின்றி வெளியிடலாம், அதற்கு அப்பால் போனால் அந்தரங்க உரிமை குறுக்கே வரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

‘இதில் வரும் அனைத்தும் கற்பனையே’ என்ற வழக்கமான அட்டையைக் கலப்புப் படத்துக்குப் போட்டால் மனைவியின் சாட்சியமும் கற்பனை ஆகிவிடும். போடாவிட்டால் நடித்த காட்சிக்கும் நீங்கள் உண்மை என்று உத்தரவாதம் கொடுத்ததாகும். பிரித்து எழுதுங்கள்: “இப்படத்தில் பேசுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள். குழிக்குள் நடப்பதாக வரும் காட்சிகள் முதல் தகவல் அறிக்கையையும் இருவரின் சாட்சியத்தையும் வைத்து நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டவை.” தொடக்கத்தில் வையுங்கள். கடைசியில் வைத்தால் எழுந்து போனவர்கள் பார்க்க மாட்டார்கள்.

திரையரங்கு என்றால் ஆவணப்படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், கே.ஏ.அப்பாஸ் தன் குறும்படத்துக்காக 1970இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் முன்தணிக்கை நிலைத்துவிட்டது. ‘செங்கடல்’ போன தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டதால் இப்போது மறுப்பு வந்தால் நேரே உயர் நீதிமன்றம்தான், வக்கீல் செலவைப் பட்ஜெட்டில் போடுங்கள். இணையத்தில் வெளியிட முன்சான்றிதழ் தேவையில்லை. கேரளத்தின் சர்வதேச ஆவண, குறும்பட விழா போன்ற இடங்களில் ஆவணப்படமும் கதைக்குறும்படமும் தனித்தனிப் பிரிவு. பாதிக்கு மேல் சாட்சியம் இருந்தால் ஆவணப் பிரிவுக்கே அனுப்புங்கள்.

முடிவெடுக்கத் திணறினால், அந்த 20 நிமிட ஒலி வெட்டை விஷயம் தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். கேட்டு முடித்ததும் குழியையும் சுற்றி நின்றவர்களையும் ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். மூவரும் ஏறக்குறைய ஒரே படத்தை வரைந்தால் உறை வாங்கும் காசை மிச்சம் பிடித்து, சப்டைட்டிலுக்கும் ஒலிக்கலவைக்கும் போடுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் செட் போட நாள் குறியுங்கள்.